தண்டா, பூவா?

விடியலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, காட்டை ஒட்டி ஒரு சம்பங்கித் தோட்டம். அரை ஏக்கர். நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு நான்கு பெண்கள் ஆளுக்கொரு பாராகப் பிரிந்து நகர்கிறார்கள். பேச்சு அதிகமில்லை. இன்னொருவர் பறிக்காமல் வரப்பில் நின்று காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வட்டாரத்தில் யானை வருகிறதா என்று பார்ப்பதும் பூப்பறிப்பில் சேர்ந்த வேலைதான்.

மொட்டைத் தடவிப் பார்த்தே எடுக்கிறார்கள். நன்றாகப் பருத்திருக்க வேண்டும், ஆனால் வாய் திறந்திருக்கக் கூடாது. கட்டைவிரலை அடியில் கொடுத்துப் பக்கவாட்டில் ஒரு நெம்பு, மொட்டு கையோடு வந்துவிடுகிறது. நேராக இழுத்தால் தண்டு முறியும். சம்பங்கி கீழிருந்து மேலாகப் பூப்பது. அதனால் ஒரு தண்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மொட்டுக்குத்தான் பதம் வந்திருக்கும். மேலே உள்ளவை நாளைக்கும் மறுநாளைக்கும் ஆகும்.

“வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துப் போட்டரோணும் கண்ணு. வெடிச்ச பூவுக்கு ஏது விலை?” என்கிறார் மூத்தவர், மடியில் கட்டிய துணியை இறக்கிக் கூடையில் கொட்டியபடி. அவருக்குக் கூலி கிலோக் கணக்கில். ஈரம் சேர்ந்தால் எடை கூடும்தான், ஆனால் நனைந்த பூவைச் சந்தையில் தள்ளிவிடுவார்கள். கோடை மழையை இந்தத் தோட்டத்தில் யாரும் வரவேற்பதில்லை.

தோட்டத்தின் வடகோடியில் நான்கு பார்களை மட்டும் யாரும் தொடவில்லை. அங்கே இருப்பது அடுக்குச் சம்பங்கி. இதழ் மேல் இதழாக அடர்ந்த ரகம், மணம் சற்று மட்டு. மாலை கட்டுபவர்கள் அதைச் சீண்ட மாட்டார்கள், ஒற்றைச் சம்பங்கிதான் அவர்களுக்கு வேண்டும். அடுக்கு வகையைத் தண்டோடு வெட்டிப் பொக்கே கடைக்கும் மேடை அலங்காரக்காரருக்கும் அனுப்புகிறார்கள். ஆக ஒரே நிலத்திலிருந்து இரண்டு வியாபாரம். ஒன்று உதிரிப்பூ, மற்றது கொய்மலர்.

கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. ஒற்றைச் சம்பங்கித் தண்டு நின்ற இடத்திலேயே பல நாள் மொட்டுக் கொடுக்கும். தோட்டத்தில் பெரும்பகுதி பிரஜ்வல் என்ற ஒற்றை ரகம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘சிருங்கார்’ ரகத்தையும் மெக்சிகன் ஒற்றையையும் கலந்து உண்டாக்கியது. மொட்டில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், மலர்ந்தால் முழு வெள்ளை. தண்டும் நீளமாக வருவதால் அதை வெட்டியும் விற்கலாம், பூவாகப் பறித்தும் விற்கலாம். வெட்டினால் காசு ஒரே நாளில் கைக்கு வரும், ஆனால் அந்தத் தண்டின் கதை அன்றோடு முடிந்தது. நாளைக்குப் பூ விலை ஏறுமா, இறங்குமா என்று தெரியாமலே கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும்.

சம்பங்கி நம் ஊர்ச் செடி இல்லை, மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. கற்றாழை இனத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று தாவரவியலாளர்கள் இப்போது அதை அகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சொந்தம் யாராக இருந்தாலும் தண்ணீர் விஷயத்தில் இது கற்றாழை இல்லை. கோடையில் நான்கைந்து நாளுக்கொரு முறை ஈரம் காட்டாவிட்டால் இலை நுனி கருகும், தண்டு குட்டையாகும். மே மாதத்தில் கீழ்பவானி வாய்க்கால் வறண்டு கிடக்க, எல்லாம் கிணற்று நீர்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை வைத்துத்தான் தோட்டக்காரரின் தூக்கமும். சொட்டு நீர் போட்ட பிறகு அரை ஏக்கரைச் சமாளிக்க முடிகிறது என்கிறார்.

நீர் இருந்தும் வெயிலை ஒன்றும் செய்ய முடியாது. வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால் தண்டின் நீளம் குறைகிறது, பூவும் சிறுக்கிறது. உதிரிப்பூவுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, எடையில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். தண்டு வாங்குபவரோ அளவுகோலை வைத்துப் பார்ப்பவர். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள், மண்டபங்களுக்கு நீளத் தண்டு கட்டுக்கட்டாக வேண்டும். கேட்பு உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் செடிக்கு நீளம் வருவதில்லை. சிறு விவசாயிக்குக் கோடை தரும் தொல்லைகளில் இதுதான் பெரியது என்று எனக்குத் தோன்றியது. இலைப்பேனையும் சிலந்தியையும் மருந்தடித்து ஓட்டலாம், இதற்கு என்ன அடிப்பது?

தண்டு வெட்டுவது தோட்டக்காரரின் மனைவி. வேறு யார் கையிலும் கத்தரியைக் கொடுப்பதில்லை. அடியில் ஒன்றிரண்டு பூ விரிந்த தண்டாகப் பார்த்து, தரையை ஒட்டி நான்கைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுகிறார். அதிகம் விரிந்திருந்தால் வழியிலேயே வாடும். ஒன்றுமே விரியாததை வெட்டினால் மேல் மொட்டுகள் கடைசி வரை மூடியே இருந்துவிடும். வெட்டிய கையோடு தண்ணீர் வாளி. மோட்டார் அறையின் மூலையில் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வாளியில் மட்டும் தண்ணீர் நீலமாக இருந்தது. சாயத்தை உறிஞ்சி இரவுக்குள் பூவே நீலமாகிவிடுமாம். அலங்காரக்காரர் கேட்டிருக்கிறார். நீலச் சம்பங்கி என் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. “நமக்குப் புடிச்சு என்ன பண்றதுங்க, கேக்கறவிய கேக்கறாங்க” என்று சிரித்தார் அந்த அம்மா.

காலை வெளிச்சம் வரும்போது பூக்கூடைகள் மொபெட்டில் ஏறி, சத்தியமங்கலம் பூச்சந்தைக்குப் போய்விட்டன. அங்கே ஏலம். ஒரே வாரத்துக்குள் விலை பல மடங்கு மேலும் கீழும் போகும். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா என்றால் ஒரு விலை, முகூர்த்தமில்லாத நாளில் வேறொரு விலை. பூ அங்கிருந்து கோவை, திருப்பூர் என்று பிரிந்து போகிறது. மிஞ்சுவது வாசனைத் திரவிய ஆலைக்கு. தென்னிந்தியச் சம்பங்கியின் சாறு பிரான்ஸின் வாசனைப் புட்டிகள் வரை போகிறது என்றாலும், ஆலை வாசலில் விவசாயிக்குக் கிடைப்பது சந்தையில் விலை போகாத பூவுக்கான விலைதான்.

2020 கோடையில் கோயிலும் மண்டபமும் ஊரடங்கில் பூட்டிக்கிடந்தபோது பறித்த பூவைக் குப்பையில்தான் கொட்ட வேண்டியிருந்தது. பறிக்காமலே விட்டிருக்கலாமே என்று கேட்டேன். பூ செடியிலேயே காய்ந்தால் தண்டு அழுகும், பூச்சி சேரும், செடியைக் காப்பாற்றத்தான் கூலி கொடுத்துப் பறித்தோம் என்றார் தோட்டக்காரர். அந்தக் கோடையில் ஏறிய கடனை அடைக்க எத்தனை நாளாயிற்று என்று அவர் சொல்லவில்லை.

இந்தச் செடிகளுக்கு இது மூன்றாவது கோடை, இதற்கு மேல் வைத்தால் விளைச்சல் இறங்கும். வேர்முடிச்சு நூற்புழுவும் கிழங்கில் ஏறிவிடும். அதனால் பாதி நிலத்தில் கிழங்கைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். எடுத்த கிழங்கு ஒரு மாதம் நிழலில் கிடக்க வேண்டும். தேறியதைப் பொறுக்கி, ஆனியில் 45 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையாக ஊன்றுவார்கள். அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 கிழங்கு பிடிக்கும். நட்டு மூன்று மாதத்தில் முதல் தண்டு எட்டிப் பார்க்கும்.

அடுத்த நடவில் அடுக்குச் சம்பங்கியை ஆறு பாராக்கப் போவதாகத் தோட்டக்காரர் சொன்னார். நான்கையே விற்று முடிக்க முடியவில்லை என்கிறார் மனைவி. ஐந்தில் நிற்கும் போலிருக்கிறது.