சர்வர் என்றால் யார்?

சர்வர் என்றதும் ஹோட்டலில் காபி கொண்டு வருபவர்தான் நம் ஞாபகத்துக்கு வருவார். குக்கீ என்றால் பிஸ்கட். விண்டோ என்றால் ஜன்னல். நமக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைகளை எடுத்துக்கொண்டு, வேறு அர்த்தம் கொடுத்து, நம்மையே பயமுறுத்துகிறார்கள் கம்ப்யூட்டர்காரர்கள்! "அதெல்லாம் நமக்குப் புரியாது, பேரன் வரட்டும்" என்று செல்போனைக் கீழே வைத்துவிடும் சகோதரிகள் எத்தனை பேர்! சீட்டுக் கணக்கையும் பால் கணக்கையும் மனத்திலேயே போடுகிறவர்களுக்கா இது புரியாது?

இண்டர்நெட்டும் வெப்பும் ஒன்றல்ல. உலகத்துக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் ரோடு இண்டர்நெட். அந்த ரோட்டோரத்துக் கடைவீதிதான் வெப். ரோடு முன்னால் வந்தது. கடைவீதி பின்னால் வந்தது. ஜெனீவா அருகே ஸெர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல் இதற்கு யோசனை சொன்னார். 1993-ல் ஸெர்ன் அதை எல்லோரும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

கடைவீதியில் ஒவ்வொரு கடையும் ஒரு வெப்சைட். அங்கே நம்மை அழைத்துப் போகும் ஆட்டோதான் பிரௌஸர். தொட்டவுடன் வேறிடத்துக்குத் திறக்கும் வாசல், லிங்க். சர்வர்? அவர் கிட்டத்தட்ட நம் ஹோட்டல்காரரேதான்! எங்கோ தூரத்தில் இரவு பகல் விழித்திருக்கும் கம்ப்யூட்டர் அது. நாம் கேட்ட பக்கத்தைக் கொண்டு வந்து வைக்கும். பிழிந்த வடகத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது போன்றது அப்லோடு. காய்ந்ததைக் கீழே இறக்குவது டவுன்லோடு. குக்கீ என்பது, போன தடவை நீங்கள் என்ன புடவை பார்த்தீர்கள் என்று கடைக்காரர் குறித்து, உங்கள் பையிலேயே போட்டுவைக்கும் சிட்டை. அடுத்த முறை போகும்போது அதைப் பார்த்துத்தான், "அதே நீலப் புடவை வந்திருக்கிறது, அம்மா" என்கிறார்!

இதெல்லாம் தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவர் காலமான பிறகு பென்ஷனில் குடித்தனம் நடத்துகிறவர். "இன்றிரவு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று செல்போனில் செய்தி வந்தது. கூடவே ஒரு லிங்க். தொட்டார், கேட்டதையெல்லாம் எழுதினார். மூன்று மாதப் பென்ஷன் போயிற்று. "விலாசத்தில் மின்சாரம் என்று போட்டிருந்ததே!" என்று அழுதார்.

போட்டிருந்தது வாஸ்தவம். ஆனால் இந்த விலாசத்தை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்ந்த கோடு வரை பாருங்கள். "மின்சாரம் டாட் பில்கட்டு டாட் காம்" என்றிருந்தால், கடைக்குச் சொந்தக்காரர் காமுக்கு முன்னால் நிற்கும் பில்கட்டு. மின்சாரம் என்பது அவர் தம் இஷ்டப்படி மாட்டிய போர்டு! இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் விலாசத்துக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது இதற்காகத்தான். அந்தக் கடைசிப் பெயர் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

விலாசத்தின் ஆரம்பத்தில் "ஹெச்.டி.டி.பி.எஸ்." என்று இருந்தால் போதாதா? போதாது. கடைசியில் உள்ள அந்த எஸ், நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதற்குத்தான் உத்தரவாதம். கடைக்காரர் யோக்கியர் என்பதற்கு அல்ல. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான்.

அந்த அம்மாள் செய்த காரியத்தில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான். மகன் கோபிப்பானே என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்திருந்தால், பணம் கை மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி இருந்திருக்கும். ஏமாந்தவர் குற்றவாளி அல்ல, சகோதரிகளே. அப்படி ஒருவர் கலங்கி நின்றால், வீட்டிலுள்ளவர்கள் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் அந்த எண்ணைச் சுழற்றட்டும்.