மரித்தவர் கொடையும் உடலின் காவலும்

சில ஆண்டுகளுக்கு முன், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் கட்டிலருகே நின்ற தந்தை ஒருவர் நம்மை வினவினார்: "சுவாமி, இவனுடைய சிறுநீரகங்களைத் தானமாகக் கொடுப்பது பாவமாகுமா? கொடுத்தாலும் வேறொருவர் உடல் அவற்றை ஏற்குமா?" முதல் வினாவுக்கு விடை கூறினோம். இறந்தோரின் கருவிழிப் படலத்தை எடுப்பது அவ்வுடலுக்கு அவமதிப்பு ஆகாதென்று 1956-லேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தெளிவுறுத்தினார். உறுப்புத் தானம் மெய்யான அன்புச் செயல் என்று 2000-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் போதித்தார். இரண்டாவதற்கு விடையறியாது நின்றோம். மருத்துவரிடம் கேட்டறிந்து அவர் கையொப்பமிட்டார். நாமோ வெட்கத்துடன் இல்லம் திரும்பி, நூல்களைத் தேடிப் படிக்கலானோம்.

1933-இல் உக்ரைன் நாட்டுக் கெர்சான் நகரில் வொரோனாய் என்னும் மருத்துவர், மரித்து ஆறு மணி நேரமான முதியவரின் சிறுநீரகத்தை, பாதரச நஞ்சுண்ட இளம்பெண்ணுக்குப் பொருத்தினார். இரத்த வகையும் ஒத்திருக்கவில்லை. அப்பெண் இரண்டே நாளில் இறந்தாள். 1950-இல் அமெரிக்காவில், சிகாகோவை அடுத்துக் கன்னியர் நடத்திய மருத்துவமனையில், டாக்டர் லாலர் ரூத் டக்கர் என்னும் மாதுக்கு இறந்த பெண்ணொருத்தியின் சிறுநீரகத்தை வைத்தார். சில வாரங்கள் அது இயங்கிற்று; பத்தாம் மாதம் சுருங்கிக் கிடந்ததை அகற்ற நேர்ந்தது.

காரணம் என்ன? நோய்க் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களே, அயலார் உறுப்பையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. தோல் ஒட்டுதலை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர் மெடாவர், அதே நபரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் உடல் முன்னிலும் விரைவாக அதைத் தள்ளுவதைக் கண்டார். ஒருகருவில் உதித்த இரட்டையரிடையே இந்தப் பகை எழுவதில்லை. ஆதலின் 1954-இல் பாஸ்டனில் டாக்டர் மரே அத்தகைய சகோதரர்க்குச் செய்த சிகிச்சை நிலைத்தது.

மற்றவர்க்கு வழி யாது? கதிர்வீச்சால் உடலின் காவலையே அழித்துப் பார்த்தனர். பலர் தொற்றுநோயால் மடிந்தனர். பின்னர் அசத்தயோப்ரின் என்னும் மருந்து அக்காவலை அழியாமல் அடக்கிற்று. 1962-இல் அதன் துணையால் மரே, இறந்தவரின் சிறுநீரகத்தை ஓராண்டுக்கு மேல் இயங்கச் செய்தார். ஸ்டீராய்டு மருந்துகளும், 1980-களில் பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரினும் துணை சேர்ந்தன. இன்றும் இத்தகைய மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். நிறுத்தினால் உடல் மீண்டும் எதிர்க்கும். அளவு மிகுந்தால் தொற்றுநோய்க்கு வாயில் திறக்கும்.

அந்தத் தந்தை இன்று வினவினால், "ஏற்கும், ஆனால் பெற்றவர் ஒவ்வொரு நாளும் மருந்துண்டு அதைப் பேண வேண்டும்" என்போம். அன்பர்களே, துயரம் வருமுன்பே இதனை இல்லங்களில் பேசி வைத்தல் நன்று. கட்டிலருகே நின்று விடை தேடுவது எத்துணைக் கடினம் என்பதை அன்று கண்டோம்.