முப்பத்தொரு கோப்பை

முதல் வாரம் அண்ணையிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கோப்பை கழுவுறன் தம்பி" என்றார். எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் கோப்பை என்றால் கிரிக்கெட்டில் வாங்குவது, அல்லது கதைகளில் யாராவது மது ஊற்றிக் குடிப்பது. ஏதோ காபிக் கடையில் வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சாப்பிடுகிற தட்டு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. புலம்பெயர்ந்தவர்களின் கதைகளில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் டம்ளர் கழுவுகிற மனிதர்களுக்காக மனம் நெகிழ்ந்திருக்கிறேன்.

2024இல் அலுவலகத்தில் என்னை மூன்று மாதம் பாரீஸுக்கு ஆன்சைட் அனுப்பியிருந்தார்கள். வேலை லா தெஃபான்ஸில் ஒரு கண்ணாடிக் கோபுரத்தில். தங்கியது வடக்குப் புறநகரான லா கூர்நெவ்வில், நண்பனின் நண்பன் வழியாகக் கிடைத்த அண்ணையின் வீட்டில், ஒரு சின்ன அறையில். அவர் 1998இல் வந்தவர். இருபத்தாறு வருஷமும் ரெஸ்டாரண்ட் சமையலறைகளில்தான். இப்போது வேலை செய்கிற இடம் பெரிய இடம், நட்சத்திரம் வாங்கிய இடம். பாதி நேரம் கோப்பை, பாதி நேரம் காய்கறி வெட்டுவது, மீன் செதில் எடுப்பது, எலும்புச் சாறு பார்த்துக்கொள்வது. வாடகைக்கு மேல் என்னிடம் ஒரு யூரோ வாங்கவில்லை. அக்கா தினமும் ராத்திரி எனக்கும் சேர்த்துச் சமைத்தார்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், இரண்டு பேரையும் ஒரு நல்ல பிரெஞ்சு ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்தேன். நன்றிக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கே அந்த மாதிரி இடத்தில் ஒருமுறை உட்கார ஆசை. தனியாகப் போகத் தைரியம் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றவர் முதல்முறையாக முன்பக்கம் வந்து உட்காரப்போகிறார், அப்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். கட்டுரையின் கடைசிப் பத்தி வரைக்கும் மனதில் எழுதியாகிவிட்டது.

அக்கா வர மறுத்துவிட்டார். "அந்தக் காசுக்கு ரெண்டு கிழமைச் சாமான் வாங்கலாம். நீங்கள் போட்டு வாங்கோ."

இடம் பிடிப்பது இன்னொரு கதை. அண்ணைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. அந்தத் தரத்து ரெஸ்டாரண்டுகளில் பாதிக்கு மேல் அதே இரண்டு நாள்தான் மூடிக்கிடக்கின்றன. "எனக்கு லீவு எண்டால் அவைக்கும் லீவுதானே தம்பி" என்று சிரித்தார். இப்படி ஒரு சாப்பாட்டை அவர் ஏன் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதற்குப் பணத்தைத் தவிர நாட்காட்டியும் காரணம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. கடைசியில் திங்கள் மதியம் திறந்திருக்கிற ஒன்று கிடைத்தது. அதற்கும் ஒரு நட்சத்திரம். ஆளுக்கு 95 யூரோ. ராத்திரியில் இதுவே இரண்டு மடங்கு. நம் கணக்கில் எட்டாயிரத்து ஐந்நூறு. மனதுக்குள் ரூபாயாக மாற்றுவதை நிறுத்துவதற்கு மூன்று மாதம் போதாது.

மகளின் சாமத்திய வீட்டுக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார் அண்ணை. நான் டெமோ நாட்களுக்கு என்று வைத்திருந்த சட்டை.

கூடத்தில் மேஜை விரிப்பு கிடையாது. வெறும் ஓக் மரம், மண் நிறத் தட்டுகள், அதிகம் போனால் முப்பது பேர் உட்காரலாம். இப்போதைய பாணியில் சமையலறை திறந்தே இருந்தது. ஆறேழு பேர் குனிந்து, சிறு இடுக்கியால் இலைகளை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கோவில் கருவறை மாதிரி எல்லா வெளிச்சமும் அங்கேதான். நான் வாய் பிளந்து பார்த்தேன். அண்ணை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "குசினியைத் திறந்துதான் வச்சிருக்கினம். பிளோன்ஜைத்தான் காணேல்லை."

பிளோன்ஜ் என்பது பாத்திரம் கழுவுகிற இடம். அது ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. சுவரில் ஒரு இடைவெளி. தட்டுகள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

குசினி என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல், யாழ்ப்பாணத்தில் அடுப்படிக்கு அதுதான் பெயர். பிரெஞ்சில் குசின். பாணும் அப்படித்தான், இங்கே 'பாங்' மாதிரி மூக்கால் சொல்கிறார்கள். வந்த புதிதில் ஒரு சொல்லும் புரியாத நாட்டில் இந்த இரண்டும் மட்டும் புரிந்ததாம். வேலை கிடைக்க அதுவே போதுமாக இருந்தது என்றார்.

சர்வர் வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். அண்ணையிடமும் ஆங்கிலத்தில், கொஞ்சம் மெதுவாக. அண்ணை பிரெஞ்சில் பதில் சொன்னார். அடுத்த கேள்வியும் ஆங்கிலத்தில் வந்தது. என்ன தண்ணீர் வேண்டும் என்று கேட்டபோது அண்ணை "கராஃப்" என்றார். அப்படிக் கேட்டால் குழாய்த் தண்ணீரைக் காசு இல்லாமல் தரவேண்டும் என்பது இங்கே சட்டம். நான் புட்டித் தண்ணீர் சொல்லியிருப்பேன், கௌரவத்துக்காக.

மெனு அட்டையில் வினைச்சொல்லே இல்லை. வெள்ளை அஸ்பராகஸ், முட்டை மஞ்சள், காட்டுப் பூண்டு. அவ்வளவுதான். கமென்ட் எழுதாத கோட் மாதிரி. எழுதியவருக்கு எல்லாம் தெளிவு, படிக்கிறவன் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் விரல் அளவு சின்னச் சின்ன வகைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு. அதில் ஒன்று கூஜேர், பாலாடைக்கட்டி சேர்த்துப் பொரபொரவென்று சுட்ட குட்டி உருண்டை, உள்ளே காற்று. பிறகு ரொட்டி, உப்பு வெண்ணெய். ரொட்டியைப் பிய்த்து மோந்து பார்த்தார் அண்ணை. முந்தைய வருஷம், 2023இல், பாரீஸின் சிறந்த பகெத்துக்கான பரிசு இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது. பரிசோடு ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற வாய்ப்பும். அதை இரண்டு மாதத்தில் நான்கு முறை கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஐந்தாவது முறை.

அஸ்பராகஸ் வந்தது. பெரிய தட்டு, அதன் கீழே இன்னொரு தட்டு. மூன்று தண்டு, பச்சை எண்ணெய்ப் புள்ளிகள். சுவை? வேகவைத்த பனங்கிழங்கை நினைவுபடுத்துகிற லேசான கசப்பு, அதன் மேல் வெண்ணெயும் முட்டையும் அடித்த மிருதுவான குழம்பு. நன்றாக இருந்தது. அதில் கிண்டலுக்கு இடமில்லை. இந்த மாதிரி இடங்களில் சாப்பிட்டுவிட்டு, "பசி அடங்கல, வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம்" என்று எழுதுவது நம்மவர்களுக்கு ஒரு வழக்கம். சும்மா சொல்கிறார்கள். ஏழு தட்டும் அவ்வளவு வெண்ணெயும் ரொட்டியும் உள்ளே போனால் ராத்திரிச் சாப்பாடு தேவைப்படாது.

நான் படித்துவிட்டு வந்ததையெல்லாம் அண்ணையிடம் சொல்ல ஆரம்பித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பிரெஞ்சு விருந்தில் பல வகைகளை ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பிவிடுவார்கள், கிட்டத்தட்ட நம் இலை மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவது ரஷ்ய முறை, பிறகு வந்தது. சமையலறையைப் பிரிவு பிரிவாக, பட்டாளம் போல அடுக்கியவர் எஸ்காஃபியே. அவரே 1870 போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர். 1973இல் கோ, மீயோ என்று இரண்டு பத்திரிகையாளர்கள் 'புதிய சமையல்' என்று பத்துக் கட்டளை எழுதினார்கள்: கனத்த குழம்பு வேண்டாம், ரொம்ப வேகவைக்க வேண்டாம், மெனு சின்னதாக இருக்கட்டும். அதுவரை பெரிய தாம்பாளத்தில் கூடத்துக்குக் கொண்டுவந்து, சாப்பிடுகிறவர் கண்முன்னால் வெட்டிப் பரிமாறினார்கள். புதிய சமையல்காரர்கள் சமையலறைக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் தனித் தட்டில் அலங்கரித்து அனுப்பத் தொடங்கினார்கள். பெரிய பெரிய தட்டுகள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உவையள்தான் காரணம்" என்றார் அண்ணை.

அடுத்து மீன். மேலே ப்யூர் ப்ளாங்: சின்ன வெங்காயமும் வெள்ளை ஒயினும் வினிகரும் சேர்த்து வற்றவைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கொதித்தால் பிரிந்துவிடும். இதைச் சொன்னது அண்ணை. சாஸ் வந்த சின்னக் கூஜாவின் மூக்கைக் காட்டி, "உதுக்குள்ள பிரஷ் போகாது, விரல்லதான்" என்றும் சொன்னார்.

மீன் முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். சர்வர் வர நேரமானது. என் தட்டை எடுத்து அண்ணையின் தட்டின் மேல் வைத்து, கரண்டிகளை ஒன்றாக்கி, ஓரமாக நகர்த்தினேன். உதவி செய்கிறேனாம். கழுவுகிற மனிதரோடு உட்கார்ந்திருக்கிறோம், அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். அண்ணை சட்டென்று மேல் தட்டைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார்.

"அடுக்காதேங்கோ தம்பி. அடியில சோஸ் பட்டால் ரெண்டு பக்கமும் உரஞ்ச வேணும்."

காது சூடானது. ஆர்வெல் பாரீஸில் பாத்திரம் கழுவியதை எழுதிய 1933ஆம் வருஷத்துப் புத்தகத்தைக் கல்லூரியில் படித்து அடிக்கோடெல்லாம் போட்டவன் நான். தட்டுக்கு அடிப்பக்கம் ஒன்று இருப்பது தெரியாது.

பத்து வயதில் மாமா பையன் கல்யாணம். சாப்பிட்டு முடித்து என் இலையை நானே மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கம். "இலை எடுக்க ஆள் இருக்கு, போடுறா கீழ" என்று பெரியப்பா அதட்டினார். ஆள் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துக்கொண்டு வரிசையாக இலைகளை வழித்துப் போட்டுக்கொண்டு வருகிற அம்மா. எங்கள் குடும்பத்தின் எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தான். அவர் பெயர் என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. எந்தத் தெரு என்பது தெரியும். தெரு தெரிந்தால் எங்கள் பக்கத்தில் மற்றதைக் கேட்கவேண்டியதில்லை. கடைசிப் பந்தியிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்குப் பின்வாசலில் ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவார்.

இதை அண்ணையிடம் சொல்லவில்லை.

புறா வந்தது. நெஞ்சுக்கறி உள்ளே ரோஜா நிறத்தில், கிட்டத்தட்ட பச்சையாக. அப்படித்தான் சாப்பிடவேண்டும் என்று நான்தான் காலையில் விளக்கியிருந்தேன். இரண்டு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை. அண்ணை முழுதாகச் சாப்பிட்டார். பிறகு தட்டில் இருந்த கறுத்த சாற்றை முள்கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். நான் எதிர்பார்த்த முகம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எலும்பை வடிவா வறுத்திருக்கினம். கடைசியில கொஞ்சம் கூட வத்தவிட்டுட்டினம்."

அவர் வேலை பார்க்கிற இடத்தில் காலை எட்டு மணிக்கு அவர்தான் எலும்பை வறுத்து, காய்கறி சேர்த்து, தண்ணீர் ஊற்றி ஏற்றுகிறார். மதியம் வரை நுரை எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வடித்து, வற்றவைத்தால் அண்டா நிறைய இருந்தது ஒரு சின்னப் பாத்திரத்தில் அடங்கும். அதன் ருசி அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும், கரண்டியில். அந்தச் சாற்றை அதற்குரிய கறியோடு, சூடாக, உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. இதையும் அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டேன். "ஓம்" என்றார், கணக்கு விசாரித்த மாதிரி.

என் தட்டைப் பார்த்தார். "சாப்பிடேல்லையோ? இஞ்சால தாங்கோ."

"எச்சில் அண்ணா" என்றேன், யோசிக்காமல்.

"அதுக்கென்ன" என்று தட்டை இழுத்துக்கொண்டார். தூரத்தில் நின்ற சர்வரின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. கடைசியில் ரொட்டித் துண்டால் இரண்டு தட்டையும் சுத்தமாகத் துடைத்தார். அதைப் பிரெஞ்சுக்காரர்களும் செய்வார்கள். இவ்வளவு அக்கறையாகச் செய்வார்களா என்பது தெரியாது.

பாலாடைக்கட்டி, ருபார்ப் இனிப்பு, காபியோடு இன்னும் இரண்டு சின்ன இனிப்பு. எல்லாம் நன்றாகவே இருந்தன. எனக்கு நினைவில் அதிகம் இல்லை.

பில் 198 யூரோ. சர்வீஸ் கட்டணம் விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கும், டிப்ஸ் வைப்பது கட்டாயமில்லை. அண்ணை கோட் பையிலிருந்து பத்து யூரோ எடுத்து, மடித்து, பில்லோடு வைத்தார்.

"இது குசினிக்குப் போகுமா அண்ணா?"

"கொஞ்சம் போகும். பிளோன்ஜுக்குப் போகாது."

வெளியே வந்து மெட்ரோ பக்கம் திரும்பினேன். அவர் எதிர்ப்பக்கம் நடந்தார், கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு. வழி தெரிந்தவர் போல. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஈர ஏப்ரனோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நம் ஊர்க்காரனாக இருப்பான் என்று நினைத்தேன். மாலி நாட்டுப் பையன். அண்ணை சிகரெட் நீட்டினார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். கூடத்தில் ஒற்றைச் சொல்லாகப் பேசிக்கொண்டிருந்த அதே மனிதர் இப்போது படபடவென்று, கையை ஆட்டி, பாதி வார்த்தையை விழுங்கி, நான் மூன்று மாதத்தில் எங்கும் கேட்காத ஒரு பிரெஞ்சில் பேசினார். ஏதோ ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பையன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

திரும்பி நடக்கும்போது என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"மெஷின் பழுதாம். காலமையில இருந்து எல்லாம் கையாலதானாம்."

கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார். "எங்கட மேசைக்கு மட்டும் முப்பத்தொண்டு. கிளாஸைச் சேர்க்கேல்லை, அது வெளியில நிக்கிறவையின்ர வேலை."

எப்போது எண்ணினார் என்று நான் கேட்கவில்லை. மெட்ரோவில் இடம் கிடைத்ததும் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் எட்டு மணிக்கு எலும்பு ஏற்றவேண்டும்.