கல்லில் மீன் பிடித்த கதை

“மீன் பிடிக்கப் போகிறோம், வருகிறீர்களா?” என்று மகன் கேட்டபோது, வலையோ தூண்டிலோ இல்லாமல் சுத்தியல்களையும் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள்களையும் அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபடியால், என்னைப் பரிகாசம் செய்கிறான் என்றே எண்ணினேன். சால்ட் லேக் நகரத்திலிருந்து வடகிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து, வயோமிங் மாநிலத்திலுள்ள கெம்மரர் என்னும் நிலக்கரி ஊரைச் சேர்ந்தோம். ஜே. சி. பென்னி என்ற பெருவணிகர் 1902-இல் தமது கடையை முதன்முதலில் திறந்த ஸ்தலம் என்பதில் அவ்வூராருக்குப் பெருமை. நாங்கள் நாடிச் சென்றதோ ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும் வெளிறிய சுண்ணாம்புக் கல்லை.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், மரமென்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணுக்குப் படாமல் சாம்பல் நிறப் புதர்களே பரந்துகிடக்கும் அந்த வறண்ட பிரதேசத்தில் நின்றுகொண்டு, இங்கே பனையினத்து மரங்கள் சூழ்ந்த ஏரி ஒன்று இருந்தது, அதில் முதலைகள் நீந்தின என்று யாரேனும் சொன்னால் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலைமை அதுவே. ஏரியின் அடித்தண்ணீரில் பிராணவாயு குறைந்திருந்தமையால், செத்து மூழ்கிய மீனைத் தின்னவோ கலைக்கவோ அங்கே ஜந்துக்கள் இல்லை. மேலிருந்து மாவுபோல் இறங்கிய சுண்ணாம்பு வண்டல், முள்ளும் செதிலும் குலையாதபடி அதைப் போர்த்தி, ஏட்டின்மேல் ஏடாகப் படிந்து, கல்லாக இறுகிவிட்டது.

குவாரியில் எங்களை எதிர்கொண்ட தொழிலாளி, வெயிலில் கருகிய முகமும் சுண்ணாம்புத் தூசி படிந்த புருவமுமாக, அந்தக் கல்லுக்கே உறவினர்போல் காணப்பட்டார். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திவிட்டால், அவர் பெயர்த்து அடுக்கி வைத்திருக்கும் பாளங்களை நாமே பிளந்து பார்க்கலாம். அவர் எங்களிடம் தந்த உளி நம் ஸ்தபதிகளின் கூர்உளி அன்று. தோசைத் திருப்பியை நினைவூட்டும், தட்டையான, அகன்ற வாயுடைய கருவி. அதைப் பாளத்தின் விளிம்பில் வைத்து, ஓரிடத்தில் ஓங்கி அடிக்காமல், சுற்றிலும் சிறு தட்டுகளாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கல் உள்ளே விட்டுக்கொடுக்கத் தொடங்கியதும் ஓசை மாறுகிறது. அந்த மாற்றம் காதில் விழுந்தவுடன் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பழைய பஞ்சாங்கத்தின் தாள்களைப் பிரிப்பவர்போல விரல்களால் நெம்பித் திறந்தார். வெறுங்கல். அடுத்ததும் வெறுங்கல். முகத்தில் சிறிதும் சலனமில்லாமல் இரண்டையும் கழிவுக் குவியலில் எறிந்தார். அவருடைய தொழிலின் பெரும்பகுதி எறிவதுதான் என்பது அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

முதல் கண்டுபிடிப்பு என் பேத்தியுடையது. கல்லில் கரும்பழுப்பாக ஒட்டியிருந்த ஒரு துண்டை அவள் குதித்தோடிவந்து காட்ட, தொழிலாளி மிகுந்த மரியாதையோடு பரிசீலித்து, “வாழ்த்துக்கள், இது மீனின் மலம்” என்றார். அவளுக்கு வந்த ஆனந்தத்தை, பிறகு கிடைத்த எந்த மீனும் விளைவிக்கவில்லை.

மீனும் கிடைத்தது. பழுப்பு மையால் வரைந்தாற்போல, விரல் நீளத்தில், முதுகெலும்பும் வால்செதிலும் தெளிவாக. “ஏங்க, இது நம்ம மத்தி இல்லியா?” என்றாள் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி. அவள் சொன்னது விளையாட்டுக்காக இருக்கலாம். ஆயினும் விஞ்ஞானிகள் அதற்கு விரோதம் சொல்லமாட்டார்கள். நைட்டியா என்னும் அந்த மீன் மத்தியும் சேர்ந்த ஹெர்ரிங் குலத்தையே சார்ந்தது. வயோமிங்கின் புவியியலாளரான நைட்டின் பெயரை அதற்கு ஜார்டன் என்ற அறிஞர் 1907-இல் சூட்டினார். 1987-இல் அது மாநிலத்தின் புதைபடிவச் சின்னமும் ஆயிற்று. இத்தனை கௌரவம் இருந்தும் குவாரியில் அதற்கு மதிப்பில்லை, அவ்வளவு மலிவு.

எனக்கு அகப்பட்டது பெரியது, டிப்லோமிஸ்டஸ் என்றார்கள். வால் மட்டும் தெரிந்தது. தலையையும் பார்த்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், தொழிலாளி கை உயர்த்தித் தடுப்பதற்குள், நான் ஓர் அடி பலமாகவே அடித்துவிட்டேன். தலை மூன்று துண்டுகளாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்திப் பார்த்து, பென்சிலால் அடையாளமிட்டு, நாடாவினால் ஒட்டி, ரம்பத்தில் பாளத்தின் ஓரங்களைச் சீராக அறுத்துக் கொடுத்தார்.

உண்மையான வேலை வேறு அடுக்கில் நடக்கிறது என்று பிற்பாடு சொன்னார். பதினெட்டு அங்குல அடுக்கு என்று அதற்குப் பெயர். அங்கே கல் மீனின் மேலேயே பிளப்பதில்லை. மெல்லிய சுண்ணாம்புத் தோல் மூடியிருக்க, முதுகெலும்பு இருக்குமிடத்தில் நூலளவு மேடு மட்டும் தெரியும். உச்சி வெயிலில் அதைக் காண எந்தக் கண்ணாலும் இயலாது. ஆகையால் இரவில், விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, மேட்டின் நிழல் விழுகிறதா என்று தேடுகிறார்கள். கண்டால் சுற்றிலும் அறுத்து, அப்படியே எடுத்து, பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள்; அங்கே பூதக்கண்ணாடியின் கீழ், காற்றினால் இயங்கும் ஊசியைக்கொண்டு, மணலைத் துகள் துகளாக நீக்குவதுபோல் அந்தத் தோலை நாட்கணக்கில் நீக்குகிறார்கள். சந்தையில் அம்மீன்களுக்குக் கொடுக்கும் விலை அதிகமென்று நினைத்திருந்த என் அபிப்பிராயத்தை அங்கேயே கைவிட்டேன்.

திரும்பும் வழியில், 1972-இல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்ட ஃபாசில் பியூட் குன்றையும் பார்த்தோம். அங்கே ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அரும்பொருள்களைப் பார்த்துவிட்டு, உடைந்த என் மீனோடு வீடு சேர்ந்தோம்.

இரவில் செய்தித்தாளைப் பிரித்தபோது, புதிதாகப் பிளந்த கல்லிலிருந்து மண்ணெண்ணெய் வாடை கூடமெங்கும் பரவியது. அந்த ஏரியில் மடிந்த பாசியெல்லாம் எண்ணெய்ச் சத்தாகக் கல்லிலேயே தங்கிவிட்டதாம். மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டு, “மத்தி வாடையே தேவலை” என்றாள்.