பலூனைத் துரத்தும் ஸ்பைடர்மேன்

சினிமாவை வைத்து வரும் வீடியோ கேம் என்றாலே விவரம் தெரிந்தவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. படம் வெளியாகும் தேதி ஒருமுறை முடிவாகிவிட்டால், கேமும் அந்தத் தேதிக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். வெந்ததோ வேகலையோ, இலை போட்டாச்சு, பரிமாறியே தீர வேண்டும். போஸ்டரில் இருக்கும் முகத்தைப் பார்த்து முதல் சில வாரங்களில் வாங்குகிறவர்களை நம்பித்தான் வியாபாரமே நடக்கிறது. கேம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சு பரவுவதற்குள் கல்லாப்பெட்டி நிறைந்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் பாதி மாட்டிக்கொண்டு பாதி தப்பித்த ஒரு கேம் உண்டு. 'ஸ்பைடர்மேன் 2'. ட்ரேயார்க் உருவாக்கி, ஆக்டிவிஷன் வெளியிட்டது. அமெரிக்காவில் 2004 ஜூன் 28 அன்று கேம் வந்தது. சாம் ரெய்மி இயக்கிய படம் ஜூன் 30. இரண்டே நாள் இடைவெளி! பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப் மூன்றிலும் அதை விளையாடியவர்கள் 'ஆகா' என்றதும் 'அடச்சே' என்றதும் பெரும்பாலும் ஒரே மணி நேரத்துக்குள் நடந்தது.

முதலில் ஆகா. 2002ல் வந்த முந்தைய கேமில் ஸ்பைடர்மேன் எறியும் நூல் வானத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே கட்டடம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. கீழே தெருவும் கிடையாது, விழுந்தால் கதை முடிந்தது. இரண்டாம் கேமில் ஜேமி ஃபிரிஸ்ட்ரம் என்ற வடிவமைப்பாளர் வேறு வழி பிடித்தார். நூல் நிஜமாகவே ஒரு கட்டடத்தில் போய் ஒட்ட வேண்டும். உயரமான கட்டடம் என்றால் நீளமான ஊஞ்சல். ஊஞ்சல் கீழிருந்து மேலே ஏறும் நேரம் பார்த்து நூலை விட்டால் உடம்பு அம்பு மாதிரி போகும். ஒரு நொடி தப்பினால் சுவரில் மோத வேண்டியதுதான். சென்ட்ரல் பார்க்குக்குள் போனால் பிடித்துக்கொள்ள உயரமான கட்டடமே இல்லை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். முதல் நாள் சுவரெல்லாம் முட்டியவர், மூன்றாம் நாள் மன்ஹாட்டன் தெருக்களில் விரல் நுனியில் மிதப்பார். மிஷன் எதையும் தொடாமல் சும்மா பறந்தே சாயங்காலத்தைக் கழித்தவர்கள் நிறையப் பேர்.

இனி அடச்சே. கதை நகரவேண்டும் என்றால் 'ஹீரோ பாயிண்ட்' சேர்க்க வேண்டும். அதற்கு ஊருக்குள் சுற்றி உதவி செய்ய வேண்டும். பை பிடுங்கிக்கொண்டு ஓடும் திருடன், விளிம்பில் தொங்கும் தொழிலாளி, மூழ்கும் படகு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டிய காயம்பட்டவர். முதல் தடவை நெஞ்சு படபடக்கும். பத்தாவது தடவை அதே ஆள், அதே கத்தல், அதே விளிம்பு. படத்திலிருந்து எடுத்த காட்சிகளிலோ முகங்களெல்லாம் மரப்பாச்சி. டோபி மக்வயர் தாமே குரல் கொடுத்திருந்தும் தூக்கத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். நடுவில் குறும்பும் உண்டு: வில்லன் மிஸ்டீரியோவின் உயிர்க்கோடு ஒன்றன்மேல் ஒன்றாக நிரம்பிக்கொண்டே போய் பயமுறுத்தும், கடைசியில் ஒரே குத்தில் ஆள் காலி!

கணினியில் விளையாடியவர்கள் கதை இன்னும் பாவம். அட்டையில் அதே பெயர், உள்ளே வேறு கேம். அந்தப் பதிப்பை ஃபிஸ் ஃபேக்டர் என்ற வேறு நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கிச் செய்தது. குறித்து வைத்த இடங்களில் மட்டும்தான் நூல் மாட்டும். வீட்டில் கன்சோல் இல்லாமல் கம்ப்யூட்டர் மட்டும் இருந்த நம்மூர்ப் பையன்கள் பலருக்கு வாய்த்தது இதுதான். பத்திரிகையில் புகழ்ந்து எழுதியது ஒன்று, கையில் கிடைத்தது ஒன்று. ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்றால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இந்தக் கேமை வெறும் 'பாதி நல்லது, பாதி மோசம்' என்று கணக்கை மூடிவிட முடியாது. படத்தில் பீட்டர் பார்க்கர் ஒரு பீட்சா கடையில் வேலை செய்வான். 29 நிமிடத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது கடையின் உத்தரவாதம். வழியில் லாரியில் அடிபட இருந்த குழந்தைகளைக் காப்பாற்றுவான், பீட்சா தாமதமாகும், வேலை போகும். பிறகு மேரி ஜேன் நடிக்கும் நாடகத்துக்கும் தாமதம். வாசலில் நிற்கும் ஊழியர் உள்ளே விடமாட்டார். அந்த ஊழியராக நடித்த புரூஸ் கேம்ப்பெல்தான் கேமில் வழிகாட்டிக் குரல். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் நக்கல் அடித்துக்கொண்டே இருப்பார். கேமிலும் பீட்சா கொண்டுபோகும் வேலை உண்டு. பின்னணியில் 'ஃபுனிகுலி ஃபுனிகுலா' என்ற இத்தாலியப் பாட்டின் மெட்டு ஓட, கடிகாரமும் ஓடும்.

படத்தில் பீட்டர் தாமதமாக வரும்போது பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் பாப்கார்ன் சாப்பிடலாம். கேமில் அந்த வசதி இல்லை. அடுத்த மிஷனுக்கு அவசரமாகப் போகும்போது கீழே ஒரு குழந்தை கையிலிருந்து பலூன் நழுவிப் போய்விட்டது என்று அழும். நின்று பலூனைப் பிடித்துக் கொடுத்தால் கொஞ்சம் பாயிண்ட். நிற்காமல் போனால்? ஒன்றும் ஆகாது. திட்ட ஆளில்லை, தண்டனை இல்லை. முதல் நாள் ஓடோடிப் போய்ப் பிடித்துக் கொடுத்த அதே ஆள், ஒரு வாரம் கழித்து அழுகையைக் காதில் வாங்காமல் மேலே பறந்துகொண்டிருப்பார். எரிச்சல் வேறு வரும். "இதே வேலையாப் போச்சு இந்தப் பிள்ளைகளுக்கு!"

இது அலுப்பூட்டும் கேம்தான், சந்தேகமே இல்லை. திரும்பத் திரும்ப ஒரே வேலையைக் கொடுத்தது அவசரத்தில் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் பீட்டருக்கும் இதே அலுப்புத்தானே? படத்தில் அவன் உடையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடும் காட்சிக்கு வசனமே தேவையில்லை. ஐம்பது பலூன் பிடித்தவர்களுக்கு அவன் ஏன் போட்டான் என்று நன்றாகவே புரியும் :-)

2018ல் இன்சோம்னியாக் நிறுவனம் எந்தப் படத்தையும் ஒட்டாமல் ஒரு ஸ்பைடர்மேன் கேமைக் கொண்டுவந்தது. அதிலும் நூல் கட்டடத்தில்தான் ஒட்டுகிறது. 2022ல் அது கணினிக்கும் வந்தது. 2004ல் ஏமாந்த பையன்கள் ஒருவழியாக மன்ஹாட்டனில் பறக்க முடிந்தது, 18 வருடம் தாமதமாக. பழைய கேமைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை இன்னும் ஓட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் பறந்துவிட்டு அணைக்கப் போகும்போது கீழே அந்தக் குழந்தை அழும். சிலர் மட்டும் இறங்கிப் போகிறார்கள்.