காணாக் கதிரும் காவற் கடமையும்

மாந்தர் ஒரு பொருளைப் பூட்டி வைப்பதற்குக் காரணம் இரண்டு உண்டு. பொன்னும் மணியும் போன்றவற்றைப் பூட்டுவது அவை நம்மை விட்டு நீங்காதிருத்தற்பொருட்டு; நஞ்சும் வெடிமருந்தும் போன்றவற்றைப் பூட்டுவது அவை பிறரைச் சென்று தீண்டாதிருத்தற்பொருட்டு. முன்னதில் காக்கப்படுவது பொருள். பின்னதில் காக்கப்படுவோர் மக்கள். இவ்விரண்டனுள் பின்னதே அரிய காவல். என்னை? பொன் தொலைந்தால் வருந்துபவன் அதனை உடையவனே. ஆதலின் அவன் உறங்கான். நஞ்சு தொலைந்தால் வருந்துபவன் எங்கோ இருக்கும் முகமறியா ஒருவன்; ஆதலின் உடையவன் உறங்கிவிடுதல் எளிது. தொழிற்சாலைகளிற் பயன்படும் கதிரியக்கப் பொருள்கள் இப்பின் வகையைச் சேர்ந்தவை. அவற்றை வழியிலும் வைப்பிடத்திலும் காத்தலைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என வினவும் நண்பர்கட்குக் கட்டுரையின் போக்கிலே விடை கிடைக்கும்.

எம் சிறிய தந்தையார் திருச்சிராப்பள்ளியை அடுத்த தொழிற்சாலைகளில் வெல்டிங் சோதனை செய்பவர். கொதிகலன்களிலும் நீராவிக் குழாய்களிலும் பற்றவைத்த இடத்தின் உள்ளே விரிசல் இருப்பின் அது கண்ணுக்குப் புலனாகாது. மருத்துவர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுபோல, இரிடியம்-192 என்னும் பொருளினின்று எழும் காமாக் கதிரை இரும்பினூடே செலுத்தி, மறுபுறம் வைத்த பிலிமில் நிழலைப் பதித்து, உள்ளிருக்கும் குற்றத்தைக் கண்டறிவர். அவ்விரிடியம் விரல்நுனியில் அடங்கும் சிறு துண்டு. அது குடியிருக்கும் கனத்த கருவியைத் தொழிலாளர் ‘காமிரா’ என்றே வழங்குவர். கம்பிவடத்தின் முனையிற் பிணைத்த அத்துண்டு, கைப்பிடியைச் சுற்றினாற் கவசத்தை விட்டு வெளியே ஓடும்; எதிராகச் சுற்றினால் மீண்டும் உள்ளே புகும். புகுந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது; கதிரை அளக்கும் மீட்டர் ஒன்றே சொல்லும். “கண் சொன்னால் நம்பமாட்டேன், தம்பி, மீட்டர் சொன்னால்தான் நம்புவேன்” என்பது எம் சிறிய தந்தையார் அடிக்கடி கூறும் சொல்.

இச்சொல் மிகையன்று. 1984-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டிலே இத்தகைய இரிடியத் துண்டொன்று கருவியினின்று கழன்று தரையில் வீழ்ந்தது. தொழிலாளி ஒருவர் அதனைக் கண்டெடுத்து வீட்டிற்குக் கொண்டு சென்றார். அஃது இன்னதென அவரும் அறியார்; அவர் வீட்டாரும் அறியார். அதனால் இறந்தோர் எண்மர். நோயின் காரணம் கதிர்வீச்சே என்பதும் முதலில் எவர்க்கும் தோன்றவில்லை. சூடும் இல்லை, மணமும் இல்லை, ஒலியும் இல்லை. பாம்பாயினும் சீறும், இஃது அதுவும் செய்யாது.

சில ஆண்டுகட்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவு. வெளியூர் வேலையை முடித்துத் திரும்பிய சிறிய தந்தையார், காமிராவை வைப்புக் குழியில் இறக்கிப் பூட்டிக் கையெழுத்திட வேண்டிய பொறுப்பாளர் வரக் காலம் தாழ்த்தமையால், வண்டியை விட்டு நகராமல் நெடுநேரம் காத்திருந்தார். நள்ளிரவு ஆராதனையும் முடிந்தது. இல்லத்தில் எல்லாரும் உண்டும் முடிந்தது. அவர் வந்தபோது எம் சிறிய தாயார், “யாரும் தொடாத பெட்டிக்கு உங்கள் காவல் ஒன்றுதான் குறைச்சலா?” என்று மனம் நொந்து கேட்டார். பிள்ளைகள் விழித்திருந்து விழித்திருந்து உறங்கிப்போன வருத்தம் அவர்க்கு. சிறிய தந்தையார் கைகழுவிக்கொண்டே, “யாரும் தொடவில்லை என்கிறாயே, அதற்குத்தான் இருந்தேன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசிலர். அவ்விருவர் கூற்றிலும் நியாயம் இருப்பதை யாம் அன்று உணர்ந்தோம். நன்கு நிகழ்ந்த காவலுக்குச் சான்று ஒன்றுமில்லை. ஒன்றும் நிகழாமையே அதன் சான்று. ஆதலின் அதனைப் பாராட்டுவாரும் இலர். இழப்பு மட்டும் வீட்டாரைச் சேர்கின்றது.

அக்காவல் சிறிது நெகிழினும் விளைவது யாது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று காட்டுவோம். 2023-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபாலுள்ள இரும்புச் சுரங்கமொன்றினின்று, கனிமத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியொன்று பழுது பார்த்தற்பொருட்டுப் பெர்த் நகருக்கு லாரியில் அனுப்பப்பட்டது. அதனுள் சீசியம்-137 அடங்கிய சிறு உறையொன்று இருந்தது. நீளம் 8 மில்லிமீட்டர், குறுக்களவு 6 மில்லிமீட்டர். பெட்டி 16-ஆம் நாள் பெர்த் சேர்ந்தது. 25-ஆம் நாளே திறக்கப்பட்டது. திறந்தபோது கருவி குலைந்து கிடந்தது, அதனைப் பிணைத்த நான்கு மரையாணிகளுள் ஒன்று இல்லை, உறையும் இல்லை. நெடுவழியின் அதிர்ச்சியால் ஆணி கழன்று, அத்துளை வழியே உறை சாலையில் வீழ்ந்தது எனக் கருதினர். 1,400 கிலோமீட்டர் வழியில் ஒரு பயற்றளவு பொருளைத் தேடுவது யாங்ஙனம்? ஆயினும் தேடினர். பிப்பிரவரி 1-ஆம் நாள், நியூமன் என்னும் ஊர்க்குத் தெற்கே, 70 கிலோமீட்டர் வேகத்திற் சென்ற வண்டியிலிருந்த கருவி கதிரை உணர்ந்து காட்டியது. உறை சாலையோரத்தினின்று 2 மீட்டர் தொலைவிற் கிடந்தது.

தேடினோர் திறம் வியத்தற்குரியதே. ஆயினும் எம் உள்ளத்தைத் தைத்தது வேறொன்று. பெட்டி வந்து சேர்ந்த நாளுக்கும் அது திறக்கப்பட்ட நாளுக்கும் இடையே ஒன்பது நாள் கழிந்தன. அந்நாள்களில் அனுப்பியவர் பொருள் சேர்ந்தது என்றிருந்தனர்; பெற்றவர் பொருள் உள்ளது என்றிருந்தனர்; பொருளோ இருவரிடத்தும் இல்லை. பெட்டி வந்ததென்பது வேறு, பெட்டிக்குள் இருந்தது வந்ததென்பது வேறு.

இடத்தால் வரும் மறதி இங்ஙனமாயின், காலத்தால் வரும் மறதி இதனினும் கொடிது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையினர் 1968-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்கென வாங்கிய கருவியொன்றில் கோபால்ட்-60 இருந்தது. 1985-க்குப்பின் அதனைப் பயன்படுத்துவார் இலர். 2010-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அது பழைய பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளை அடைந்தது. ஆங்கு அதன் ஈயக் கவசத்தைப் பிரித்தனர். ஏப்பிரலில் பலர் நோயுற்று மருத்துவமனை புகுந்தனர். ஒருவர் உயிர் துறந்தார். கோபால்ட்-60 ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாய்த் தேயும். நாற்பத்திரண்டு ஆண்டில் அது முன்னிருந்த வலிமையில் 250-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அந்த ஒரு பங்கே உயிர் கொள்ளப் போதியதாயிற்று. கோபால்ட்டின் வலிமை தேய்ந்ததை விட, அதனைப் பற்றிய நினைவு விரைவாகத் தேய்ந்தது. ஆராய்ந்த ஆசிரியர் நீங்கினர், சாவி கைம்மாறியது, கருவி ‘பழைய சாமான்’ என்னும் பெயர் பெற்றது. பெயர் மாறிய அன்றே காவல் நீங்கியது.

பெயர் என்றவுடன் தமிழ் மாணவர்க்கு இலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பு. காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறி; காரணம் பற்றி வருவது காரணக்குறி. மஞ்சள் நிலத்தில் மூன்று இதழ் விரிந்தாற்போன்ற கதிரியக்கச் சின்னம் 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலியிற் பிறந்தது. அது கற்றார்க்கே பொருள் தரும் இடுகுறி; கல்லாதவர்க்கு அது மின்விசிறியாகவும் பூவாகவும் தோன்றும். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவிலே, மருத்துவமனையிற் பயன்பட்டு ஓய்ந்த கோபால்ட்-60-ஐ ஏற்றிச் சென்ற லாரியைப் பெட்ரோல் நிலையத்தருகே கள்வர் பறித்தனர். அவர் விரும்பியது வண்டியே. ஆயினும் இரண்டு நாள் கழித்துப் பொருள் கிடைத்தபோது அதன் கவசம் திறந்து கிடந்தது.

இத்தகையோர் பொருட்டே 2007-ஆம் ஆண்டில் சர்வதேச அணுசக்தி முகமை புதியதொரு சின்னத்தை வெளியிட்டது. சிவந்த முக்கோணம், அதில் கதிர் வீசும் மூவிதழ், மண்டையோடு, விலகி ஓடும் ஓர் ஆள். மொழியறியார்க்கும் பொருள் விளங்குகின்றதா எனப் பதினொரு நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்த பின்னரே அதனை அமைத்தனர். அது காரணக்குறி. அதனைப் பொறிக்கும் இடம் இன்னும் சிறப்புடையது. வாயிற்கதவிலும் வண்டியின் புறத்திலும் அதனை ஒட்டுவதில்லை. கருவியைப் பிரிக்கத் தொடங்குவான் கண்ணிற் படுமாறு உள்ளே பொறிப்பர். எல்லாப் பூட்டும் தவறி, எல்லா ஏடும் மறந்து, முகமறியா ஒருவன் கையில் திருகுளியோடு அமர்ந்திருக்கும் வேளையில் அவனை விளித்து, ‘ஓடிவிடு’ என்று சொல்லும் கடைசிச் சொல் அது. சொல்லின் கடமை இதனினும் பெரிதாக எந்நூலிலும் யாம் கண்டிலோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்பதற்கு விடையும் இதுவே.

நம் நாட்டில் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இப்பொருள்களுக்கு உரிமம் வழங்கி விதிகளும் வகுத்துள்ளது. விதி வேண்டுவதே. ஆயினும் விதியைப் பெட்டியருகே கொண்டுவந்து நிறுத்துபவன் ஒரு மனிதன். பெரும்பாலும் குறைந்த கூலியும் நிறைந்த அலைச்சலும் உடையவன். அவனுடைய காத்திருப்பை வீண் என்று எண்ணாத மேலதிகாரியும், அவன் வரும்வரை உணவை மூடிவைக்கும் இல்லமும் அக்காவலின் பகுதிகளே.

மாணவ நண்பர்காள்! நம்மில் அறிவியல் பயில்வோர் நாளை ஆய்வுக்கூடத்தை நடத்துவர். ஏனையோர் அலுவலகங்களில் ஏடு எழுதுவர். ஒவ்வொருவர் கையிலும் ஒருநாள் ஒரு சாவிக்கொத்து வந்து சேரும். அதனை வாங்குமுன் பதிவேட்டைப் படிப்போமாக. பெட்டியை மட்டும் எண்ணாது பெட்டிக்குள் இருப்பதையும் எண்ணுவோமாக. நாம் நீங்கும்போது, நமக்குப்பின் வருவோர்க்கு விளங்கும் தமிழில் அது இன்னதென எழுதி வைத்து நீங்குவோமாக.