குறிப்பு கீழே, கோளாறு மேலே

டில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தையொட்டி வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் அருகிலுள்ள கடைத்தெருவை மாணவர்கள் ‘படேல் செஸ்ட்’ என்றே சொல்வார்கள். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யவும் ஜெராக்ஸ் எடுக்கவும் பைண்டிங் போடவும் அங்கேதான் வருவார்கள். திருமணமாகி டில்லிக்கு வந்த புதிதில் அந்தப் பகுதியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் தேறியிருந்தேன். வேகமாக அடிக்கத் தெரிந்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அடிக்குறிப்பைச் சீர்செய்வது தனியாகக் கற்கவேண்டிய கைவேலை என்று எனக்குக் காட்டியவர், கடையில் ஆய்வேடுகளை இறுதியாகப் பார்த்து அனுப்பும் பெரியவர். மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வுபெற்ற தமிழர். எங்கள் எல்லாருக்கும் அவர் ‘சார்’.

முதல் பாடம் நீக்குவதில் தொடங்கியது. ஒரு மாணவர் தேவையில்லாத சில குறிப்புகளை எடுத்துவிடச் சொன்னார். கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்து, பக்கத்தின் அடிக்குப் போய் வரிகளை அழித்தேன். எழுத்துகள் போயின, எண் மட்டும் போகாமல் நின்றது. அதையும் அழித்தால் வெற்று வரி நின்றது. சார் பின்னால் வந்து நின்று, “கீழ கைய வைக்காதம்மா. மேல அதோட எண் எங்க இருக்குன்னு பாரு” என்றார். வாக்கியத்தின் முடிவில் சற்றே உயர்ந்து நிற்கும் அந்தச் சிறிய எண்ணின் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினேன். மற்ற எழுத்தைப் போல அது உடனே மறையவில்லை. முதல் அழுத்தலில் தேர்வு மட்டும் ஆனது. இரண்டாவது அழுத்தலில் மறைந்தது, கீழேயிருந்த குறிப்பும் கூடவே போனது. அடுத்த எண்கள் எல்லாம் தாமாக ஒவ்வொன்று குறைந்தன. உண்மையான அடிக்குறிப்பை விரல் அப்படித்தான் அடையாளம் காணும். எண்ணை இருமுறை சொடுக்கினால் கீழே குறிப்புக்கே கொண்டுபோய் விடும்.

பொய்யான அடிக்குறிப்பும் உண்டு. பலர் எண்ணைத் தாமே தட்டி, மேலெழுத்தாக்கி, பக்கத்தின் அடிவரை எண்டர் தட்டிக் குறிப்பை எழுதிவிடுவார்கள். கணினிக்கு அது குறிப்பென்றே தெரியாது. முன்னே ஒரு பத்தி சேர்ந்தால் எல்லாக் குறிப்புகளும் நடுப்பக்கத்துக்கு ஏறிவரும். ஜன்பத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் உள்துறைக் கோப்புகளை வைத்து எழுதிய ஒரு வரலாற்று ஆய்வேடு அப்படித்தான் எங்களிடம் வந்தது. ஒவ்வொரு எண்ணையும் எடுத்துவிட்டு, கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்தழுத்தி, மெய்யான குறிப்பைச் செருகி, பழைய வரிகளை அதில் ஒட்டினேன். கோப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பின்னால் வரும் ஆய்வாளர் வேறொரு கோப்பைத்தான் கேட்டு வாங்குவார். அதனால் ஒட்டிய ஒவ்வொன்றையும் சார் அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

அந்த வேலையில்தான் பெரிய தவறு நேர்ந்தது. குறிப்புகள் பல எழுத்துருக்களில், பல அளவுகளில் கிடந்தன. ஒரே அடியில் சீராக்க எண்ணி, எல்லாக் குறிப்புகளையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் ஸ்பேஸ் பாரையும் அழுத்தினேன். பக்கம் பளிச்சென்று ஒழுங்கானது. சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் சார் திறந்து பார்த்தபோது, உயர்ந்து நிற்கவேண்டிய எண்கள் சாதாரண எண்களாகக் கிடந்தன. சாய்வெழுத்தில் இருந்த நூற்பெயர்கள் எல்லாம் நிமிர்ந்திருந்தன. ஆசிரியர் பெயர் எங்கே முடிகிறது, நூலின் பெயர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய வழியில்லை. எண்களைத் தேடு–மாற்று கட்டளையால் சார் திரும்ப உயர்த்திவிட்டார். நூற்பெயர்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. மாணவரின் அச்சுப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் நானே தேர்ந்து சாய்த்தேன். கடை பூட்டும் நேரம் வரை சாரும் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. “எழுத்துருவையும் அளவையும் மட்டும் மாத்தியிருந்தா சாய்வு நின்னிருக்கும். எதை மாத்தப் போறோம்னு தெரிஞ்சப்புறம்தான் கை போகணும்” என்றார். கோப்பைத் தொடுமுன் ஒரு நகல் எடுத்து வைக்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

தமிழ் ஆய்வேடுகள் வந்தபோது புதிய இடர் முளைத்தது. அடிக்குறிப்பின் ஸ்டைலில் அளவைப் பத்து என்று வைப்பேன். ஆங்கிலச் சொற்கள் சிறுத்தன, தமிழ்ச் சொற்கள் பன்னிரண்டிலேயே நின்றன. மீண்டும் மீண்டும் மாற்றியும் அசையவில்லை. வேர்ட் மென்பொருள் தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. அதன் எழுத்துருவும் அளவும் எழுத்துருப் பெட்டியில் வேறொரு கட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டத்தைச் சார் சுட்டிக்காட்டிய பிறகே இரண்டு மொழியும் ஒரே அளவுக்கு வந்தன.

அளவு அடங்கியதும் வரியிடைவெளி தொல்லை தந்தது. லதா போன்ற எழுத்துருக்களில் வரிகள் சற்று அகன்றே விழும். அதை இறுக்க, இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்துப் புள்ளி (பாயிண்ட்) அளவைக் குறைத்தேன். கி, கீ எழுத்துகளின் மேல்வளைவுகள் வெட்டுப்பட்டன. திரையில் எனக்கு அது தெரியவே இல்லை, அச்சில்தான் தெரிந்தது. சார் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “மேல்வளைவும் கீழ்ச்சுழியும் முழுசா தெரியுற அளவுக்குப் புள்ளி வை. அதுக்குக் கீழ போகாத” என்றார். அதன்பின் எந்தத் தமிழ்க் கோப்பிலும் ‘கீ’யும் ‘கூ’வும் உள்ள ஒரு வரியை முதலில் அச்சிட்டுப் பார்த்துவிட்டே எண்ணை முடிவுசெய்கிறேன்.

நான் அதிகம் தடுமாறியது குறிப்புகள் அடுத்த பக்கத்துக்கு ஓடும்போதுதான். எண் பக்கத்தின் கடைசி வரியில் விழுந்தால் கீழே குறிப்புக்கு இடம் போதாது. பாதி இங்கே நிற்கும், மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். எண்டர் தட்டித் தள்ளிப் பார்த்தேன். அடுத்த பக்கம் கெட்டது. ஒரு மாணவர், எல்லாவற்றையும் இறுதிக் குறிப்பாக மாற்றிவிடச் சொன்னார். வேர்டில் அதற்கு ஒரு கட்டளையே இருக்கிறது. சார் சம்மதிக்கவில்லை. படிப்பவர் கண்ணைத் தாழ்த்தினால் சான்று தெரியவேண்டும், பக்கம் புரட்டித் தேடக்கூடாது என்பது அவர் கட்சி. 1776-இல் வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாறு முதல் தொகுதி வந்தபோது குறிப்புகள் நூலின் கடைசியில் இருந்தன. தத்துவஞானி டேவிட் ஹ்யூம் அதைக் குறைசொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினார். பிந்தைய பதிப்பில் அவை பக்கத்தின் அடிக்கு வந்தன. இதைப் பின்னாளில் படித்தபோது சாரின் பிடிவாதம் எவ்வளவு பழைய நியாயம் என்று விளங்கியது.

குறிப்புக்கு இடம் போதாத சிக்கலைத் தட்டச்சுப் பொறியில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சாரிடம் கேட்டேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார். பக்கத்தில் எத்தனை குறிப்பு வரும், ஒவ்வொன்றும் எத்தனை வரி என்று முன்கூட்டியே எண்ணி, அடியிலிருந்து அத்தனை வரி விட்டு அடையாளம் இடுவார்களாம். உரை அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்திக் குறிப்பைத் தொடங்குவார்களாம். டில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளையும் பார்க்கச் சொன்னார். பாடவேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் தாங்கி நிற்கும் அந்தப் பக்கங்களில், அச்சுக்கோப்பவர்கள் இதே கணக்கை ஈய எழுத்துகளால் செய்திருக்கிறார்கள். கணினி செய்வதும் அந்தக் கணக்குத்தான் என்று அப்போது புரிந்தது. கணக்கில் நான் தலையிடக்கூடாது, அதற்குள் போகும் அளவுகளையே சரிசெய்யவேண்டும். எண்டர்களை எடுத்தேன், உரையின் வரியிடைவெளியைச் சீராக்கினேன், ‘வரிகளைப் பிரிக்காதே’ என்ற கட்டளை குறிப்பின் ஸ்டைலில் இருந்தால் நீக்கினேன். பெரும்பாலான குறிப்புகள் தத்தம் பக்கத்துக்குத் திரும்பின. மிக நீண்டவை மட்டும் பிரிந்தன. அவை பிரிவதே முறை.

அந்தப் புரிதல் இன்னொரு பூட்டையும் திறந்தது. உரைக்கும் குறிப்புக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேலும் கீழும் ஓர் ஆய்வேட்டில் பெரிய வெற்றிடம். கோட்டைச் சொடுக்கினால் கர்சர் நிற்கவே இல்லை. இம்முறை சாரைக் கூப்பிடவில்லை. இந்த இடம் மேலே எதிலிருந்து வருகிறது என்று யோசித்தேன். டிராஃப்ட் பார்வைக்குப் போய்க் குறிப்புகளின் பலகத்தைத் திறந்து, ‘செபரேட்டர்’ என்பதைத் தேர்ந்தேன். கோடும் ஒரு பத்திதான். உரைக்கு நார்மல் ஸ்டைலில் கொடுத்த இரட்டை வரியிடைவெளியை அதுவும் வாங்கியிருந்தது. அந்த ஒரு பத்திக்கு மட்டும் ஒற்றை இடைவெளி கொடுத்தேன். எல்லாப் பக்கங்களும் ஒன்றாகச் சீராயின. சார் பார்த்துவிட்டு அடுத்த கோப்பை என் மேசைமேல் வைத்தார்.

இப்போது கடைக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். எண்ணைப் பார், ஸ்டைலைப் பார், பிறகே குறிப்பைத் தொடு என்பதே முதல் பாடம். கன்ட்ரோல் ஏ அழுத்தி எஃப்-9 தட்டினாலும் குறிப்புகளுக்குள் இருக்கும் மேற்கோள் எண்கள் புதுப்பிக்கப்படாது. குறிப்புப் பகுதிக்குள் கர்சரை வைத்து அதே இரண்டையும் மீண்டும் அழுத்தவேண்டும் என்பதையும் விடாமல் சொல்கிறேன். பத்திகள் இடம் மாறும்போது, முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள்படும் ‘மேலது’ என்ற குறிப்பு வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். அதை நாங்கள் திருத்துவதில்லை. அடையாளமிட்டு ஆய்வாளரிடம் காட்டுகிறோம். சான்றைத் திருத்தும் உரிமை அவருக்கே உண்டு.

ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாளிலிருந்தே குறிப்புகளை மென்பொருளின் கட்டளையால் செருகுங்கள். இடத்துக்காக எண்டர் தட்டாதீர்கள். இயல்கள் கடைசி ஒழுங்குக்கு வரும்வரை ‘மேலது’ எழுதாமல் நூற்பெயரை முழுதாக எழுதி வையுங்கள். உங்கள் ஆய்வேடு ஷோத்கங்கா மின்களஞ்சியத்தில் ஏறியபின், நீங்கள் அறியாத யாரோ ஒருவர் உங்கள் அடிக்குறிப்பை நம்பித்தான் ஒரு கோப்பைத் தேடிப் போவார். அவர் சரியான கோப்பை அடையவேண்டும்.